கச்சேரிக்கு மறுநாள் குரலே இல்லை, வீட்டில் பெண் பார்க்கிறார்கள்: ராக் பாடியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்

காட்பாடி கிதார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 26. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. சனி, ஞாயிறுகளில் நான் வேறு ஆள். காந்தி நகரில் நண்பன் வீட்டு மொட்டை மாடி அறையில் நான்கு பேர் சேர்ந்து ராக் வாசிக்கிறோம். நான் பாடகன். இரண்டாவது கிதாரும் என் கையில்தான். கல்லூரி விழாக்களிலும் ஏலகிரி விடுதிகளிலும் எப்போதாவது பெங்களூரின் சிறிய அரங்கங்களிலும் பாடியிருக்கிறோம். பாதி ஆங்கிலப் பாட்டு, பாதி நாங்களே எழுதிய தமிழ்ப் பாட்டு.

முதல் சிக்கல் குரல். இரண்டு பாட்டு வரைக்கும் நன்றாகப் போகிறது. மூன்றாவதில் தொண்டை இறுக ஆரம்பிக்கிறது. ஐந்தாவதில் மேல்ஸ்தாயி வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று வருகிறது. மறுநாள் சுத்தமாகக் குரல் இருப்பதில்லை. போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் மேலாளருக்குப் போன் செய்தேன். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார்.

இரண்டாவது, கூட்டம். பெங்களூரில் தெரியாத பாட்டுக்கும் ஆடுகிறார்கள். நம்மூரில் விடைத்தாள் திருத்துகிற வாத்தியாரைப்போல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குக் கால் நடுங்குகிறது.

மூன்றாவதுதான் அவசரம். ஆரணிப் பக்கத்தில் ஒரு வரன் வந்திருக்கிறது. பெண் வீட்டுக்குப் போயிருந்தபோது பெண்ணின் பெரியப்பா, "மாப்பிள்ளைக்குப் பாட்டு வருமாமே, ஒன்று பாடச் சொல்லுங்கள்" என்றார். டிரம்ஸும் இல்லாமல் கிதாரும் இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து நான் எதைப் பாடுவது? அம்மா முந்திக்கொண்டு, "அவனுக்குச் சளி பிடித்திருக்கிறது" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் கேசரி சாப்பிட்டோம்.

திருமணத்துக்குப் பிறகு இதையெல்லாம் விட்டுவிட வேண்டியதுதானா? குடும்பமும் வைத்துக்கொண்டு மேடையிலும் நிற்கிறவர்கள் இருந்தால் பதில் எழுதுங்கள்.

லாங் பஜார் ராஜா எழுதியது:

தம்பி, சுக்கு, மிளகு, சித்தரத்தை மூன்றையும் தட்டிப் போட்டுப் பனங்கற்கண்டு சேர்த்துக் காய்ச்சிக் குடி. எங்கள் கடையில் எல்லாம் கிடைக்கும். மற்றபடி, கத்துவதை நிறுத்தினால் தொண்டை தானாகச் சரியாகும். திருமணமான பிறகு நீ கத்தவேண்டிய தேவையே இருக்காது, கேட்டுக்கொள்ளவேண்டிய தேவைதான் இருக்கும்.

சத்துவாச்சாரி சத்தம் எழுதியது:

ராஜா அண்ணன் சொன்ன கஷாயத்தை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், குளிர்காலத்தில் ருசியாகத்தான் இருக்கும். ஆனால் தம்பி, நீ எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். மேடையில் உன் குரல் உனக்குக் கேட்கிறதா?

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 49. தொண்ணூறுகளின் நடுவில், வேலூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது பாட ஆரம்பித்தேன். என் அறைத் தோழன் மிசோரம்காரன். ஒரு கிதாரும் ஒரு பை நிறைய கேசட்டும் கொண்டுவந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவான். நான் கிறிஸ்தவன் இல்லை. நாலு குரல் சேர்ந்து ஒரே பாட்டை நாலு விதமாகப் பாடுகிற அதிசயத்துக்காகப் போனேன். வேலூரில் ராக் எப்படி வந்தது என்று யாராவது எழுதினால் இதை விட்டுவிடக் கூடாது. மருத்துவமனைக்கும் படிப்புக்கும் வடகிழக்கிலிருந்து இந்த ஊருக்கு வருகிறவர்களில் பலர் கிதாரோடு வந்தார்கள். லாட்ஜ் மாடிகளில் நோயாளி தூங்கிய பிறகு, உடன் வந்தவர்கள் மெல்ல வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

பகலில் நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். அதனால்தான் உன் தொண்டையைப் பற்றிக் கேட்டால் எனக்கு ஸ்பீக்கர் நினைவு வருகிறது. நம்மூர் மேடைகளில் இரண்டு பெரிய பாக்ஸ் வைப்பார்கள், இரண்டும் சனங்களைப் பார்த்து இருக்கும். பாடுகிறவனைப் பார்த்து ஒன்றும் இருக்காது. முதுகுக்குப் பின்னால் ஆறடியில் டிரம்ஸ். உனக்கு உன் குரல் கேட்கவில்லை, ஆகவே இன்னும் கொஞ்சம் ஓங்கிப் பாடுகிறாய். டிரம்ஸ்காரனும் சூடேறி இன்னும் ஓங்கி அடிக்கிறான். சத்தம் சூழ்ந்த இடத்தில் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான் என்பதை லொம்பார்டு என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911ல் எழுதியே வைத்துவிட்டார். பஸ் நிலையத்தில் நடத்துநர் கத்துவதும் அதனால்தான். நீ மூன்றாவது பாட்டில் இறுகிப்போகிறாய் என்றால், முதல் பாட்டிலேயே சண்டை தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதற்கு மருந்து மானிட்டர். பாடுகிறவனின் காலடியில் சாய்த்து வைத்து அவன் முகத்தைப் பார்த்துப் பாடும் ஸ்பீக்கர். அது இல்லாமல் மேடை ஏறாதே. இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, ஒத்திகையின்போதே போட்டுக் கேள். இன்னொன்று, எக்கோ. நம் மைக் செட்டுக்காரர்களுக்கு (என் கடைப் பையன்கள் உட்பட) எக்கோ திருகைக் கண்டால் கை சும்மா இருக்காது. அம்மன் திருவிழாவில் அறிவிப்பு செய்கிற குரலுக்கு அது எடுப்பாக இருக்கும். உன் பாட்டில் அதை ஏற்றினால் நீ பாடிய சொல்லின் வாலே அடுத்த சொல்லின் தலையில் ஏறி உட்காரும். உனக்குச் சொல் தெளிவாகக் கேட்காது, மறுபடி கத்துவாய். பாட ஆரம்பிப்பதற்கு முன் மிக்சர் பக்கம் நீயே நடந்து போய் அதைக் குறைத்துவிட்டு வா. மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிக்கிறாயா? பிடிக்காதே. படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், மானிட்டர் ஊளையிடும், உடனே மிக்சர்காரர் உன் குரலைத்தான் குறைப்பார்.

எனக்கு இது புரிந்தது ஆம்பூரில் ஒரு கல்யாண வரவேற்பில். சோற்றுக்காக மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்த காலம். பாக்ஸ் இரண்டையும் பந்தி நடக்கும் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மேடையில் எனக்குக் கேட்டதெல்லாம் ரிதம் பேடும் பிரியாணி அண்டாவைச் சுரண்டும் கரண்டியும்தான். நாலாவது பாட்டின் உச்சியில் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளையின் தம்பி ஓடிவந்து, "அண்ணே, பிரமாதம், அதையே இன்னொரு முறை" என்றான். அப்போது பக்கத்தில் கோரஸ் பாடிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்தாள், மைக்கை இழுத்துக்கொண்டு என் வரியை ஒரு ஸ்தாயி மாற்றிப் பாடிவிட்டாள். கீழே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அந்த இரவுக்குப் பிறகுதான் என் தாய்மாமனின் வேலை எனக்கு விளங்கியது. அவர் செய்யாறு பக்கத்தில் ஒரு கூத்து ஜமாவில் பின்பாட்டுக்காரர். இரவு பத்து மணிக்குக் கூத்து ஏறினால் விடியும்வரை நடக்கும். பாரதம் வைத்த ஊரில் தொடர்ந்து பல இரவுகள். வேடம் கட்டியவர் முழுத் தொண்டையில் ஓர் அடி பாடுவார். அதே அடியை மாமனும் ஆர்மோனியக்காரரும் வாங்கிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் வேடக்காரர் சுழன்று ஆடுவார், மூச்சைப் பிடிப்பார், எச்சில் விழுங்குவார். சின்ன வயதில் எனக்கு மாமனைப் பற்றிப் பெருமையே இல்லை, கிரீடம் கட்டாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே என்றுதான் இருந்தது. ராஜா வேடம் விடியும்வரை நிற்பது அந்த பெஞ்சின் தயவில் என்று அப்போது தெரியவில்லை.

நம் ராக் பாடகர்களிடம் இருக்கிற பெரிய குறை இதுதான் என்பது என் கட்சி. எல்லா வரியையும் தானே பாடவேண்டும் என்ற பிடிவாதம். உன் குழுவில் மற்ற மூவரும் வாயை மூடிக்கொண்டுதானே வாசிக்கிறார்கள்? பேஸ் கிதார்காரனைப் பாட வை. சுருதி கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. பல்லவியை அவர்களிடம் கொடு.

பெரிய ஆட்களும் இதைத்தான் செய்கிறார்கள். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் குயீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி மேடையில் இருந்தது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். (அந்த மனிதர் பள்ளிப் படிப்பைப் படித்தது நம் நாட்டில், பஞ்சகனியில். பள்ளிக்கூட இசைக்குழுவில் பியானோ வாசித்தார்.) நடுவில் வாத்தியங்களை நிறுத்திவிட்டுக் குரலில் ஒரு சிறிய இழுப்பு இழுத்தார், சுமார் 72,000 பேர் திருப்பிப் பாடினார்கள். மறுபடி இழுத்தார், மறுபடி பாடினார்கள். ஆளுமை, வசீகரம் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள், உண்மைதான். என் காதுக்கு அது பின்பாட்டு.

அடுத்து சுருதி. எந்தக் கட்டையில் பாடுகிறீர்கள்? அசல் ஒலிப்பதிவில் இருக்கிற அதே கட்டையா? யார் சொன்னது? கிதாரின் ஆறு தந்திகளையும் அரைக்கட்டை இறக்கிவிடு. கிதார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸே பெரும்பாலும் அப்படித்தான் வாசித்தார், அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. நான் இப்போது ஒரு முழுக் கட்டை இறக்கிப் பாடுகிறேன். தந்தி தளர்வதால் கிதாருக்கும் கொஞ்சம் கனம் கூடுகிறது, அது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

குரல் பயிற்சியாளர், பாகாயம் எழுதியது:

பேச்சு, குரல் பயிற்சி என் தொழில் என்பதால் சில வார்த்தைகள். சத்தம் அண்ணா சொன்னது பெரும்பாலும் சரி. கஷாயத்தைப் பற்றி மட்டும்: நாம் விழுங்குவது எதுவும் குரல் நாணின் மேல் படுவதில்லை. அது உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல் நாண் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிறது. தவறி அங்கே போனால் புரையேறும். வெந்நீர் இதமாக இருக்கும், அவ்வளவுதான். குரல் நாண் ஈரமாக இருப்பதற்கு நாள் முழுவதும் தண்ணீர் குடிக்கவேண்டும், மேடை ஏறும்போது ஒரு பாட்டில் குடித்தால் போதாது. வேலூர் வெயிலில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் யாரும் குடிப்பதில்லை. ஆவி பிடிப்பது நல்லது.

ஆண் குரல் சாதாரணமாகப் பேசும்போது குரல் நாணின் இரண்டு மடிப்புகளும் நொடிக்கு நூறு முறைக்குச் சற்று மேல் மோதிக்கொள்கின்றன. நீங்கள் உச்சத்தில் நிற்கும்போது 400 முறையைத் தாண்டும். வீங்கிய மடிப்பு அந்த வேகத்தில் சரியாகச் சேராது, அதனால்தான் உச்சியில் காற்று வருகிறது. வலியை மரத்துப்போகச் செய்யும் ஸ்பிரே அடித்துக்கொண்டு பாடாதீர்கள். வலிதான் உங்களை நிறுத்துகிற காவலாளி. மறுநாள் குரல் இல்லாதபோது கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். ஓய்வு என்றால் பேசாமல் இருப்பது.

நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் பிரியாணி சாப்பிட்டு உடனே படுத்துவிடுகிறீர்களா? இரைப்பை அமிலம் மேலேறித் தொண்டையைச் சுடும், காலையில் கரகரப்பு வரும். பாடியதால் வந்தது என்று பழி பாட்டின்மேல் விழும். இதைச் சொன்னால் ஆம்பூர்க்காரர்கள் என்மேல் கோபப்படுகிறார்கள்.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள். குரல் நாணில் முடிச்சு இருந்தாலும் பயப்படவேண்டாம், முதலில் பயிற்சிதான் தருவார்கள், உடனே கத்தி எடுக்கமாட்டார்கள். காதையும் பாருங்கள். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரம். உங்கள் மொட்டை மாடி அறையில் டிரம்ஸ் பக்கத்தில் அதைத் தாண்டுவது சுலபம். காதடைப்பான் வாங்குங்கள்.

செய்யாறு வாசகன் எழுதியது:

சத்தம் ஐயாவுக்கு ஒரு மறுப்பு. கூத்துக் கலைஞர்களின் தொண்டையை அவ்வளவு உயர்வாகச் சொல்லாதீர்கள். நான் கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளை. பின்பாட்டு இருந்தும், ஐம்பது வயதில் பேச்சுக்குரலே உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். மாசியில் தொடங்கி ஆடி முடியும்வரை தூக்கமில்லாத இரவுகள், பகலில் பஸ் பயணம். கரகரப்பு அங்கே அழகாகிவிட்டது, அதனால் வலி யாருக்கும் தெரிவதில்லை. உங்கள் மாமனைப்போல் பின்பாட்டில் இருந்தவர்களுக்கும் சம்பளத்தில் பங்கு குறைவுதான், அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

சத்துவாச்சாரி சத்தம் எழுதியது:

செய்யாறு வாசகன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். மாமனின் பங்கு குறைவுதான், அதில் அத்தைக்குக் கடைசிவரை மனக்குறை உண்டு. முறை நல்லது, அதைச் சுற்றியிருந்த வாழ்க்கை கொடியது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கத்தானே செய்கின்றன.

காட்பாடி கிதார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒத்திகையில் அரைக்கட்டை இறக்கிப் பார்த்தோம். ஐந்தாவது பாட்டு வரை குரல் நின்றது. பேஸ்காரன் பாடுவதற்கு வெட்கப்படுகிறான், கண்ணை மூடிக்கொண்டு பாடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அண்ணா, என் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளை யாரும் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

லாங் பஜார் ராஜா எழுதியது:

தொட்டால் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும் தம்பி.

சத்துவாச்சாரி சத்தம் எழுதியது:

கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம்மூர்க்காரர்கள் பிடிக்காவிட்டால் நிற்கமாட்டார்கள், கிளம்பி டீக்கடைக்குப் போய்விடுவார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்றால் கேட்கிறார்கள். கூத்தைக் கேட்பதும் அப்படித்தான், துண்டைப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு அடி தப்பினால் உடனே பிடிப்பார்கள். ஆடுகிற கூட்டம் வேண்டுமானால் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் போய் நில். அதே ஆட்கள்தான். அங்கே ஆடுவதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது, உன் பாட்டில் இன்னும் கிடைக்கவில்லை. ஆங்கிலப் பாட்டைப் பாதியிலிருந்து கால்வாசியாக்கு. 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானா, ராக், ராப் மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றியபோது சனங்கள் எப்படிக் கேட்டார்கள் என்று பதிவுகளில் பார். பாட்டு தங்களைப் பற்றியது என்று தெரிந்தால் கை தானாக அவிழும்.

எங்கள் குழுவின் முதல் சொந்தப் பாட்டு பாலாற்றைப் பற்றியது. 1996ல் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சமயம். எங்கள் டிரம்ஸ்காரரின் அப்பா ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அப்பாவின் சம்பளமும் கிணற்றின் உப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. அதை வைத்து எழுதினோம். வெறும் மணல் என்று முடியும் பல்லவி. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதே, அதற்கு அடுத்த நிகழ்ச்சியில் அந்தப் பல்லவியை எடுத்தவுடன் முன்வரிசையில் சிரித்துவிட்டார்கள். நானும் பாடிக்கொண்டே சிரித்தேன். வரியை மாற்றவில்லை. மறு கோடையில் மணல் திரும்பிவிட்டது.

இனி கல்யாணம். நான் பெண் பார்க்கப் போனது குடியாத்தத்துக்கு. பெண் கணக்கு ஆசிரியை. மற்றவர்கள் இருக்கும்போது ஒன்றும் பேசவில்லை. கிணற்றடியில் இரண்டு நிமிடம் தனியாகப் பேசவிட்டார்கள். இசை பிடிக்குமா, என்ன மாதிரி பாட்டு, எதுவும் கேட்கவில்லை. "மாதத்தில் எத்தனை இரவு வீட்டில் இருக்கமாட்டீர்கள்? அந்த இரவுகளில் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். ஆடியிலும் வைகாசியிலும் அதிகம், மார்கழியில் குறைவு, சில இரவுகளில் கைக்காசு போகும். மனதுக்குள் கூட்டிக் கழித்துவிட்டு, "சரி, ஆனால் பள்ளிக்கூடப் பரீட்சை நேரத்தில் ஒத்திகை வீட்டில் கூடாது" என்றார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றுவரை அவருக்கு ராக் பிடிக்காது. நிகழ்ச்சிக்கு வந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார். ஆனால் நான் எந்த இடத்தில் மூச்சு பிசகினேன் என்று வண்டியில் வரும்போது சரியாகச் சொல்லிவிடுவார், பஞ்சையும் மீறி.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரி முடிந்த மறுநாள் மதியம்வரை நான் பேசுவதில்லை. அடுப்படியில் பால் கணக்கு எழுதும் ஒரு சிலேட்டு இருக்கிறது. ஒரு பக்கம் பால் கணக்கு, மறுபக்கம் என் பேச்சு. "தோசை போதும்." "சிலிண்டர்காரர் வந்தாரா?" "யார் போன்?" நான் எழுதியதில் எழுத்துப் பிழை இருந்தால் மனைவி சாக்பீஸால் சுழித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். மகள் சின்னவளாக இருந்தபோது அந்த நாளுக்காகக் காத்திருப்பாள், அன்றைக்கு அப்பாவால் எதற்கும் 'கூடாது' என்று சொல்ல முடியாது, எழுதி முடிப்பதற்குள் ஓடிவிடலாம்.

விட்டுவிடவேண்டுமா என்று கேட்டாய். எங்கள் குழுவில் ஐந்து பேர் இருந்தோம். ஒருவர் துபாயில் கணக்கர். ஒருவர் கிதாரை விற்றுவிட்டு மாவு மில் வைத்தார், நன்றாக இருக்கிறார், பழைய பாட்டைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுவார். டிரம்ஸ்காரர் போதகராகிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை அவர் ஆராதனையில் டிரம்ஸ் சத்தம் தெருமுனைவரை கேட்கிறது. யாரும் கல்யாணத்தால் விடவில்லை. வேறொன்று அவர்களை இழுத்தது, போனார்கள். என்னை எதுவும் இழுக்கவில்லை என்பதால் இங்கேயே நிற்கிறேன், இதில் வீரம் ஒன்றும் இல்லை.

2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்ற ஆங்கிலேய ராக் குழு பாடியபோது நான் போயிருந்தேன். காட்பாடியில் ஏறிய ரயில் பெட்டியில் கறுப்புச் சட்டைகளைப் பார்த்து ஒரு பெரியவர், "சபரிமலை சீசன் முடிந்துவிட்டதே தம்பி" என்றார். குழுவின் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சனுக்கு அப்போது 48 வயது. மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார், ஊர்ப் பெயரைச் சொல்லி எனக்காகக் கத்துங்கள் என்று கேட்டார், நாங்கள் கத்தினோம். எனக்கு அப்போது கல்யாணமாகிச் சில வருடங்கள், கையில் குழந்தை. மூட்டை கட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். 48 வயதில் ஓடலாம் என்று கண்ணால் பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். 2015ல் அவருக்கு நாக்கின் பின்புறம் புற்றுநோய் என்று செய்தி வந்தது. சிகிச்சை முடிந்து மறு வருடமே உலகச் சுற்றுப்பயணம், குழுவின் விமானத்தையும் அவரே ஓட்டினார். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது, மினி லாரி ஓட்டுவேன், அதில் என் ஸ்பீக்கர்கள் போகின்றன.

ஞாயிற்றுக்கிழமைக்கு நீ செய்யவேண்டியது ஒன்றுதான். பெரியப்பாவுக்குப் பாடிக்காட்டாதே. அந்தப் பெண்ணிடம் நேராகப் பேச இரண்டு நிமிடம் கேள். எத்தனை இரவு, எவ்வளவு வரவு, கிதாருக்குக் கட்டவேண்டிய தவணை எவ்வளவு பாக்கி, எல்லாவற்றையும் சொல். சளி என்று சொன்னது பொய் என்றும் சொல்லிவிடு. உனக்குப் பிடித்த பாட்டைப் பற்றி அவர் கேட்டால் மட்டும் பேசு. பிறகு அவர் என்ன பாடுவார், என்ன செய்ய ஆசை என்று நீயும் கேட்கவேண்டும், இந்த ஊரில் மாப்பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறார்கள்.

குரல் பயிற்சியாளர், பாகாயம் எழுதியது:

சிலேட்டு யோசனையை என்னிடம் வருகிற ஆசிரியர்களுக்குச் சொல்லப்போகிறேன். குரல் கெட்டு வருகிறவர்களில் பாடகர்களைவிட அவர்கள்தான் அதிகம்.

காட்பாடி கிதார் எழுதியது:

பேசினேன். முதலில் சளி விஷயத்தைச் சொன்னேன், தெரியும் என்றார். என் தங்கையின் சமூக வலைதளப் பக்கத்தில் எங்கள் பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். "சொற்களே புரியவில்லை, எக்கோ அதிகம்" என்றார். அண்ணா, நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்களோ என்று சந்தேகமாக இருந்தது. அவர் ஆரணியில் பட்டுக்கு டிசைன் போடுகிறார், கல்யாணத்துக்குப் பிறகும் வாரத்தில் மூன்று நாள் ஆரணிக்குப் போய்வர வேண்டும் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். நானும் இரவுக் கணக்கைச் சொன்னேன். இரண்டு வீட்டாரும் இன்னும் முடிவு சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு கல்லூரி நிகழ்ச்சி இருக்கிறது. அங்கே மானிட்டர் இல்லையாம். வாடகைக்குக் கிடைக்குமா?

சத்துவாச்சாரி சத்தம் எழுதியது:

பழைய மானிட்டர் ஒன்று கடையில் சும்மா கிடக்கிறது. ஒரு பக்கம் வலை கிழிந்திருக்கும், சத்தத்துக்குக் குறைவில்லை. வாடகை வேண்டாம், ஆட்டோ கூலி உன்னுடையது. வெள்ளிக்கிழமை வராதே, அன்று எல்லாம் ரத்தினகிரியில் இருக்கும். வரும்போது பேஸ்காரனையும் கூட்டிக்கொண்டு வா, கடையில் வைத்துப் பாடவைத்துப் பார்க்கலாம்.